லிஃப்ட் அம்மாவும் மெத்தை அத்தையும்

எங்கள் வீட்டில் ஒரு போன் உண்டு. அதை விளையாட்டுக்குக்கூட யாரும் தொடக் கூடாது. பட்டன் வைத்த பழைய போன். வீட்டில் இருக்கும்போது அம்மா அதை ஒரு ஸ்டீல் டம்ளருக்குள் நிறுத்தி வைப்பார். மணி அடித்தால் டம்ளரும் சேர்ந்து அதிரும். குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாலும் காதில் விழும்.

அம்மா லிஃப்ட் மெக்கானிக். தெருவில் போகும்போது உயரமான கட்டடம் எதைக் காட்டினாலும், "அது என் லிஃப்ட்!" என்பார், ஏதோ அவரே பெற்று வளர்த்ததைப் போல. அந்த லிஃப்டுகள் எல்லாவற்றிலும் பட்டன்களுக்குக் கீழே ஒரு சின்னத் தகடு இருக்கும். 'லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் இந்த எண்ணை அழையுங்கள்' என்று அதில் பொறித்திருக்கும். அது எங்கள் டம்ளர் போனின் எண்.

"எப்பக் கூப்பிட்டாலும் எடுக்கணும். என் வேலையில பாதி அதுதான்" என்று அம்மா சொல்வார். எடுக்கவும் செய்வார். வாயில் சோறு இருந்தாலும் எடுப்பார்.

மீதிப் பாதி வேலையில் அக்காவுக்கும் பங்கு உண்டு. அக்காவை எல்லாரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு பேச்சு! வகுப்பில் பேச்சைக் குறைக்கச் சொல்லி டீச்சர் அவளை ஜன்னல் ஓரம் மாற்றி உட்கார வைத்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே இருந்த தோட்டக்காரரோடு பேச ஆரம்பித்துவிட்டாள். நான் அவள் தங்கை. அவள் பின்னாலேயே சுற்றுவதால் எனக்கு 'வால்' என்று பெயர்.

லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அம்மா உடனே ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார். வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேச முடியாதே! அதனால் அம்மா போய்ச் சேரும்வரை, அக்கா அப்பாவின் போனிலிருந்து மாட்டிக்கொண்டவரைக் கூப்பிட்டுப் பேச்சுத் துணையாக இருப்பாள். எப்போதும் மூன்று வாக்கியங்களில்தான் தொடங்குவாள்.

"கதவைத் தள்ளாதீங்க. தரையில உட்காருங்க. அம்மா கிளம்பிட்டாங்க."

அப்புறம் என்ன பேசுவாள் என்று அவளுக்கே தெரியாது. கேக் பெட்டியோடு மாட்டிக்கொண்ட ஒருவரை, கேக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தாள். கோபத்தில் கத்திய ஒரு மாமாவிடம் அவர் வளர்க்கும் பூனையைப் பற்றிக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மா போய்க் கதவைத் திறந்தால், "ஒரு நிமிஷம் இரும்மா, பூனைக் கதை இன்னும் முடியல" என்றாராம் அவர்! இதெல்லாம் எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. அப்பாவுக்கும் வராது. அப்பா தையல்காரர். வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள்தான் மெத்தை அத்தை நுழைந்தார்.

ஒருநாள் டம்ளர் அதிர்ந்தது. அம்மா ஓடிப் போய் எடுத்தார்.

"வணக்கம்! உங்கள் முதுகுக்கு வாய் இருந்தால் என்ன கேட்கும்? 'எனக்கொரு மெத்தை வேண்டும்' என்று கேட்கும்! மெத்தை வாங்க ஒன்றை அழுத்துங்கள்!"

தேன் தடவிய மாதிரி ஒரு பெண் குரல். பதிவு செய்து வைத்த குரல். நாங்கள் சிரித்தோம். மெத்தை அத்தை என்று பெயர் வைத்தது நான்தான்.

மறுநாளும் அத்தை வந்தார். அதற்கு மறுநாள் காலையில் வந்தார், மதியம் வந்தார், மாலையிலும் வந்தார். இடையில் குறுஞ்செய்திகள் வேறு. 'முதுகு காத்திருக்கிறது! மறந்துவிட்டீர்களா?' என்று ஒன்று. முதுகை எப்படி மறக்க முடியும்? அது பின்னாலேயேதானே வருகிறது!

"ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா? வேண்டாம்னா விட மாட்டியா?" என்று அப்பா ஒருநாள் குண்டூசிகளைத் துப்பிவிட்டுப் போனில் கத்தினார்.

"மிக்க மகிழ்ச்சி!" என்றார் மெத்தை அத்தை. "மெத்தை வாங்க ஒன்றை அழுத்துங்கள்!"

அந்த எண்ணைத் தடை செய்தால் அடுத்த முறை வேறு எண்ணில் வந்தார். தெரியாத எண் எதையும் எடுக்காமல் விடலாம் என்றால் அதுவும் முடியாது. லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லாருமே எங்களுக்குத் தெரியாத எண்களிலிருந்துதானே கூப்பிடுவார்கள்! போன் எண்ணையே மாற்றிவிடலாம் என்றால், எல்லா லிஃப்டிலும் தகடு அடித்து வைத்திருக்கிறது.

ஒருநாள் மாலை அம்மா ஒரு கட்டடத்தின் உச்சியில், கையெல்லாம் கிரீஸோடு வேலை செய்துகொண்டிருந்தார். போன் அடித்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்தார். மெத்தை அத்தை. மறுபடி அடித்தது. மறுபடி துடைத்துவிட்டு எடுத்தார். மறுபடியும் மெத்தை அத்தை. அடுத்து அடித்தபோது அம்மா எடுக்கவில்லை. முழங்கையாலேயே பட்டனை அழுத்தி அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

அந்த ஒரு அழைப்பு மெத்தை அத்தை இல்லை.

எங்கள் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, தான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டில் மாட்டிக்கொண்டு கூப்பிட்டிருக்கிறார். உள்ளே விளக்கும் அணைந்துவிட்டது. அவர் திரும்பக் கூப்பிட்டபோது லைன் பிஸி. மெத்தை அத்தை பேசிக்கொண்டிருந்தார்! ஒருவழியாக அம்மாவைப் பிடித்து எந்தக் கட்டடம் என்று சொல்லி முடித்ததும், அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அம்மா சொன்ன எண்ணுக்கு எங்கள் அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாமல் நூலக அக்கா இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அம்மா போய்க் கதவைத் திறந்தபோது அவர் முகம் வெளிறிப் போயிருந்ததாம். அந்தக் கட்டடத்துக் குடியிருப்புச் சங்கத் தலைவர் அங்கேயே நின்றுகொண்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேற மெக்கானிக்கைப் பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார்.

அன்று அம்மா சாப்பிடவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேலை போனா போகுது. நான் எடுப்பேன்னு நம்பித்தானே அந்தப் பொண்ணு கூப்பிட்டா? நானே கட் பண்ணிட்டேனே" என்றார்.

அப்பா அம்மாவின் சட்டையில் அறுந்திருந்த பட்டனைத் தைத்துக் கொடுத்தார். எனக்கு அந்த மெத்தை அத்தையைப் பிடித்துக் கடித்துவிடலாம் போல இருந்தது. குரலை எங்கே போய்க் கடிப்பது?

ரேடியோ மட்டும் அன்று இரவு முழுக்கப் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ பெரிதாக யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் என்னை நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எதுக்கு?" என்றேன்.

"அவங்ககிட்ட ஸாரி சொல்லணும். நேத்து நான் பேசியிருக்க வேண்டியவங்க. பேசாம விட்டுட்டேன்."

நூலக அக்கா புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அக்கா நேராகப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். டம்ளர், மெத்தை அத்தை, கிரீஸ், முழங்கை, ஒன்று விடாமல்.

"அப்படியா சேதி!" என்றார் நூலக அக்கா. "உங்க அம்மா கதவைத் திறந்ததும் 'தப்பு என்னுதுங்க'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இந்த மெத்தைக் கதையைச் சொல்லவே இல்லையே!"

"அம்மா சாக்குச் சொல்ல மாட்டாங்க" என்றாள் அக்கா. "அக்கா, ஒருத்தர் வேண்டாம்னு சொன்னப்புறமும் இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கலாமா? அதுக்குச் சட்டம் எதுவும் கிடையாதா?"

"சட்டப் புத்தகமெல்லாம் அந்த மூலையில இருக்கு. நீயே பாரு."

நான் ஒட்டகச்சிவிங்கிப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அக்கா தரையில் சம்மணம் போட்டு, படமே இல்லாத ஒரு ஒல்லிப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தாள். புரியாத வரிகளை இரண்டு மூன்று முறை படித்தாள். நடுவில் கொட்டாவி விட்டாள். ஆனாலும் விடவில்லை. கடைசியில் நிமிர்ந்தபோது அவள் கண் பளபளத்தது.

"வாலு, கிளம்பு! அத்தை மாட்டிக்கிட்டாங்க!"

வீட்டுக்கு வந்ததும் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது.

"அம்மா, நாம அனுமதி கொடுக்காம பதிவு பண்ணின குரல்ல நம்மளைக் கூப்பிடவே கூடாதாம். குறுஞ்செய்தியும் அனுப்பக் கூடாதாம். அனுமதி கொடுத்திருந்தாலும் எப்ப வேணும்னாலும் திரும்ப வாங்கிக்கலாமாம். வேண்டாம்னு சாதாரணமாச் சொன்னாலே போதும். யார் கூப்பிடறாங்கன்னு கேட்டா கம்பெனி பேரைச் சொல்லியே ஆகணும். அதுக்கப்புறமும் கூப்பிட்டா, தொலைபேசி ஆணையத்துல புகார் கொடுக்கலாம்!"

"வேண்டாம்னு நானே எத்தனை தடவை கத்தினேன்?" என்றார் அப்பா.

"நீங்க யார்கிட்டப்பா கத்தினீங்க? டேப்புகிட்ட. அதுக்குக் காது ஏது? காது இருக்கிற ஆள்கிட்டச் சொல்லணும்."

"ஆளை எங்கே போய்த் தேடறது?"

அக்கா சிரித்தாள். "அத்தைதான் தினமும் வழி சொல்றாங்களே. ஒன்றை அழுத்துங்கள்!"

அப்பா பதறிப் போனார். "ஒண்ணை அழுத்தினா மெத்தை வந்து வாசல்ல இறங்கிடும்டி!"

"இறங்காதுப்பா. ஒண்ணை அழுத்தினாத்தான் மனுஷங்க வருவாங்க. நாம இத்தனை நாளா அதை மட்டும்தான் அழுத்தல."

நான் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் பயந்து ஒதுங்கிய ஒரே பட்டன் அது!

காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் டம்ளர் அதிர்ந்தது. முதுகு, வாய், மெத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா ஒன்றை அழுத்தினாள். சத்தத்தைக் கூட்டிப் போனை நடுவில் வைத்தாள்.

"வணக்கம், உங்கள் முதுகுவலிக்கு..." என்று ஓர் இளைஞர் குரல் ஆரம்பித்தது.

"அண்ணா, எங்க வீட்டுல எல்லா முதுகும் நல்லாயிருக்கு" என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "திட்டறதா இருந்தா சீக்கிரம் திட்டிடும்மா. அடுத்த ஆள் காத்துட்டிருக்காங்க."

"நான் திட்டலையே. உங்களை நிறையப் பேர் திட்டுவாங்களா?"

"திட்டாத ஆளைச் சொல்லு! காலையில ஒருத்தர் என்னை மெத்தைக்குள்ள வச்சுத் தைச்சிடுவேன்னாரு."

அப்பா சட்டென்று ஊசியைக் கீழே வைத்தார்.

"பாவம்ணா நீங்க. சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா" என்றபோது குரல் மாறியிருந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் குரல் அக்கா பேசப் பேச மாறுமே, அதே மாதிரி.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். நூலக அக்கா இருட்டில் உட்கார்ந்திருந்ததையும் விடவில்லை.

"ஐயோ, இது லிஃப்ட் நம்பரா?" என்றார் அவர். "கொஞ்சம் இரும்மா, எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்கறேன்... எங்க ஆபீஸ் லிஃப்ட்லேர்ந்தே எடுத்திருக்காங்க! தகட்டைப் பார்த்து எழுதியிருக்காங்கம்மா. லிஃப்ட் தகடு, குழாய் ரிப்பேர் போர்டு, ஆம்புலன்ஸ் டிரைவர் ஒட்டி வச்ச சீட்டுன்னு சுவர்ல இருந்த நம்பரை எல்லாம் எடுத்துப் போட்டிருக்காங்க. மேலே 'அனுமதி தந்தவர்கள்'னு தலைப்பு வேற!"

"நாங்க எங்கண்ணா தந்தோம்? தகட்டுல நம்பர் போடறது மாட்டிக்கிட்டவங்க கூப்பிடறதுக்கு. மெத்தை விக்கறவங்க கூப்பிடறதுக்கு இல்லை."

"நியாயம்தான். ஆனா போன் யார் பேர்ல இருக்கோ, அவங்க வாயால சொல்லணும்மா."

அக்கா போனை அம்மா பக்கம் தள்ளினாள். அம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தம்பி, இது என் போன். நான் உங்களுக்கு அனுமதி கொடுக்கல. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடவும் கூடாது, செய்தி அனுப்பவும் கூடாது."

"பதிவு பண்ணிட்டேன்மா" என்றார் மெத்தை அண்ணன். கேட்டதும் கம்பெனியின் பெயரையும் முகவரியையும் சொன்னார். "முதலாளிகிட்டயும் சொல்றேன். அவர் கேட்பாரான்னுதான் தெரியல."

சில நாள் டம்ளர் நிம்மதியாக இருந்தது. பிறகு ஒரு காலையில், "வணக்கம்! உங்கள் முதுகுக்கு வாய் இருந்தால்..."

அப்பா விரலில் ஊசியைக் குத்திக்கொண்டார். முதலாளி கேட்கவில்லை.

"புகார் கொடுத்திடலாம்மா" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு உடனே முகம் வாடினாள். "ஆனா அந்த அண்ணன் வேலைக்கு ஏதாவது ஆயிடுமா?"

"புகார் கம்பெனி மேலதானே. அவர் ஒழுங்காத்தான் நடந்துக்கிட்டாருன்னும் சேர்த்து எழுதிடலாம்" என்றார் அம்மா.

அம்மா பெயரில் அக்காதான் எழுதினாள். கம்பெனியின் பெயர், வேண்டாம் என்று சொன்ன நாள், அதற்குப் பிறகு வந்த அழைப்பின் எண், எல்லாம் சுருக்கமாக இருந்தன. ரேடியோவுக்கு இவ்வளவு சுருக்கமாகவும் எழுத வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடியில் இன்னொன்றையும் சேர்த்தாள். 'சுவரில் இருக்கும் மற்ற எண்களும் இவர்களிடம் உள்ளன. குழாய் ரிப்பேர்காரருக்கும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் எங்களைப் போலவே கஷ்டமாக இருக்கும். அவர்களையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.'

நான் என்றால் எங்கள் எண்ணோடு நிறுத்தியிருப்பேன். அவளுக்கு முகமே தெரியாத ஆம்புலன்ஸ் டிரைவர் ஞாபகம் வந்திருக்கிறார் பாருங்கள்!

கொஞ்ச நாள் கழித்துப் புதிய எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

"வணக்கம். நான் மெத்தைக் கம்பெனி அண்ணன். சொந்தப் போன்லேர்ந்துதான் பேசறேன். பேசலாமா? அனுமதி உண்டா?"

"உண்டு, உண்டு!" என்று நான்தான் கத்தினேன்.

"ஆணையம் விசாரிச்சாச்சு. முதலாளிக்கு அபராதம். சுவர்லேர்ந்து எடுத்த நம்பர் அத்தனையும் அழிச்சாச்சு. என்னைக் கடையில விற்பனைக்கு மாத்திட்டாங்க. இங்கே யாரும் திட்டறதில்லை. மெத்தையில உட்கார்ந்து குதிச்சுப் பார்க்கறாங்க, அவ்வளவுதான். இன்னைக்கு நேரத்தோட சாப்பிட்டாச்சுன்னு அன்னைக்குப் பேசின பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க."

அதற்குப் பிறகு டம்ளர் அதிர்ந்தால் அது வேலைக்காகத்தான் இருக்கும். அம்மா துள்ளிக்கொண்டு எடுப்பார். நூலக அக்காவே தன் கட்டடத்துத் தலைவரிடம் பேசி, மெக்கானிக்கை மாற்றும் பேச்சையும் நிறுத்திவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மதியம் டம்ளர் அதிர்ந்தது. முதல் மணி முடிவதற்குள் அம்மா எடுத்துவிட்டார்.

"லிஃப்ட் நின்னுடுச்சு. நான் மட்டும்தான் உள்ளே இருக்கேன்" என்று ஒரு பெரியவர் குரல் நடுங்கியது.

"பயப்படாதீங்க. எந்தக் கட்டடம் சார்?"

அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். மெத்தைக் கம்பெனிக் கட்டடம்.

அம்மா ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அக்கா அப்பாவின் போனை எடுத்தாள்.

"கதவைத் தள்ளாதீங்க. தரையில உட்காருங்க. அம்மா கிளம்பிட்டாங்க."

"நான் யாருன்னு தெரியுமாம்மா?" என்றார் அவர். "நான் இந்தக் கம்பெனி முதலாளி."

நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். "நல்லா மாட்டிக்கட்டும்! முதுகுக்கு வாய் இருந்தா என்ன சொல்லும்னு கேளு!" என்று காதோடு சொன்னேன்.

அக்கா என் வாயைப் பொத்தினாள்.

"சுவர்ல நல்லா சாஞ்சுக்கோங்க சார். முதுகு வலிக்காம இருக்கும்" என்றாள் போனில். அதை அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. எல்லாரிடமும் சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.



"இந்த நம்பர்னு தெரிஞ்சதும், எடுக்க மாட்டாங்களோன்னு பயந்துட்டேன்" என்றார் அவர் மெதுவாக.

"எங்க அம்மா எப்பவும் எடுப்பாங்க சார்" என்றாள் அக்கா. "இப்பல்லாம் லைனும் சும்மாதான் இருக்கு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவள் என் அக்கா என்று மொட்டை மாடியில் ஏறி நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

"சார், நீங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது எதுல தூங்குவீங்க?" என்று அக்கா ஆரம்பித்தாள்.

அவர் பேச ஆரம்பித்தார். ஓட்டைப் பாய், ஒரே போர்வை, அதை இழுத்துக்கொண்டே ஓடும் நாய்க்குட்டி என்று கதை எங்கெங்கோ போனது. அப்பாகூடத் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

கடைசியில் போனுக்குள் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே அம்மாவின் குரல். "வெளியே வாங்க சார், எல்லாம் சரியாயிடுச்சு."

"ஒரு நிமிஷம் இரும்மா" என்றார் மெத்தைக் கம்பெனி முதலாளி. "நாய்க்குட்டிக் கதை இன்னும் முடியல."